லிக்விடேஷனில் உள்ள கம்பெனியின் டைரக்டர் சொத்தை முடக்குவது எப்படி: புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துக்கான முழு வழிகாட்டி

கம்பெனி லிக்விடேஷனுக்கு, அதாவது கலைப்புக்கு, போய்விட்டது. கணக்கில் ஒன்றுமில்லை. ஆனால் டைரக்டரின் வீடு, தோப்பு, கார் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சரக்கு கொடுத்தவர், சம்பள பாக்கிக்காரர், வங்கி மேனேஜர் என எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அவர் சொத்தை முடக்க முடியாதா?"

முடியும். ஆனால் எதை முதலில் செய்கிறோம், எதைப் பிறகு செய்கிறோம் என்பதில்தான் மனு நிற்பதும் விழுவதும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கோப்புகளுக்கு ஆவணம் திரட்டிக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். வக்கீலிடம் போவதற்கு முன் கையில் என்ன இருக்க வேண்டும், எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. நீங்கள் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

டைரக்டர் மேல் யார் என்ன கேட்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு கம்பெனியை நடத்தினார் என்று திவால் சட்டத்தின் 66ஆம் பிரிவில் மனு போடும் இடம் கலைப்பை நடத்தும் லிக்விடேட்டருடையது. (கீழே சட்டத்தின் பெயர் இல்லாமல் வரும் பிரிவு எண்கள் திவால் சட்டத்தினுடையவை.) டைரக்டர் சொந்தக் கியாரண்டி கொடுத்திருந்தால் வங்கி நேராக அவர் மேலேயே போகலாம்.

சரக்கு கொடுத்தவருக்கு டைரக்டர் எழுத்தில் எதுவும் பொறுப்பேற்காமல் இருந்தால், பாக்கி கம்பெனியுடையதுதான். அவர் செய்ய வேண்டியது இரண்டு. லிக்விடேட்டரிடம் படிவம் சி-யில் கிளெய்ம் (பாக்கிக் கோரிக்கை) கொடுப்பது முதல் வேலை. தன்னிடம் உள்ள ஆதாரத்தை எழுத்தில் லிக்விடேட்டர் கையில் சேர்ப்பது அடுத்தது. தொழிலாளர்களுக்குப் படிவம் இ. கிளெய்ம் போடாதவர் எவ்வளவு கத்தினாலும் கோப்பில் அவர் இல்லை.

செக் திரும்பியிருந்தால் அது தனிப் பாதை. கம்பெனிக்கு மொரட்டோரியம் (வழக்கு, வசூலுக்கு இடைக்காலத் தடை) இருந்தாலும் கையெழுத்துப் போட்ட டைரக்டர் மேல் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவு வழக்கு நடக்கும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரிட்டர்ன் மெமோ வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஆனால் அந்த வழக்கு சொத்தை முடக்காது. அதை நம்பி மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள்.

2. கம்பெனி சொத்து எது, டைரக்டர் சொத்து எது என்று பிரியுங்கள்

சேதராப்பட்டில் பிப்டிக் மனை, கடலூரில் சிப்காட் மனை (இரண்டும் அரசுத் தொழிற்பேட்டைகள்) என்றால் அது பெரும்பாலும் கம்பெனி பெயரில் உள்ள குத்தகை. அதை "டைரக்டரின் நிலம்" என்று மனுவில் எழுதுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கம்பெனி சொத்து ஏற்கெனவே லிக்விடேட்டர் கைக்குப் போயிருக்கும். அதை முடக்க உங்களுக்கு மனு தேவையில்லை.

டைரக்டரின் சொந்தச் சொத்து லிக்விடேஷனில் தானாகச் சேராது. 36ஆம் பிரிவு பங்குதாரரின் சொந்தச் சொத்தை வெளியே வைக்கிறது. கம்பெனிப் பணம் முறைகேடாகப் போய் வாங்கிய சொத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தப் பிரிவினையை மனு போடும் முன்பே ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி வையுங்கள். பின்னால் எல்லா வேலையும் இதன் மேல்தான் நிற்கும்.

3. நோட்டீஸ் அனுப்பும் முன் சொத்துப் பட்டியலை முடியுங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். கோபத்தில் வக்கீல் நோட்டீஸ் முதலில் போகிறது. நோட்டீஸ் போன சில நாளிலேயே வீடு மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் ஆகிறது. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைச் செலவும் குறைவு, ஒரே காலையில் முடிந்துவிடும். அதன் பிறகு அந்தப் பத்திரத்தை உடைக்கத் தனி வழக்கு, தனி வருடங்கள். ஆகவே சத்தமில்லாமல் பட்டியல் எடுப்பது முதல் வேலை.

எம்.சி.ஏ. (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் தொடங்குங்கள். 100 ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனியின் பொது ஆவணங்களைப் பார்க்கலாம். ஆண்டு அறிக்கை, பேலன்ஸ் ஷீட், வங்கி அடமானப் பதிவு எல்லாம் இறக்கிக்கொள்ளுங்கள். அடமானப் பதிவோடு இணைத்த வங்கிக் கடிதத்தில் யார் யார் கியாரண்டி, எந்தச் சொத்து என்ற விவரம் பல நேரம் கிடைக்கும். டைரக்டரின் டின் எண்ணை (டைரக்டர் அடையாள எண்) போட்டால் அவர் இருக்கும் மற்ற கம்பெனிகளும் வரும். அந்தத் தங்கை கம்பெனிகள்தான் பணம் போன வழி என்று பிறகு தெரியவரும்.

அடுத்து நிலம். இங்கே நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. புதுச்சேரியும் தமிழ்நாடும் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கின்றன. பாகூர் பக்கம் ஒரு வரப்பைத் தாண்டினால் வேறு அரசு, வேறு பதிவுத்துறை. தமிழ்நாட்டுத் தளத்தில் எடுத்த வில்லங்கம் புதுச்சேரி நிலத்தைக் காட்டாது. புதுச்சேரி வில்லங்கம் கடலூர் நிலத்தைக் காட்டாது. டைரக்டரின் வீடு மஞ்சக்குப்பத்திலும் தோப்பு பாகூரிலும் இருந்தால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகத் தேட வேண்டும். புதுச்சேரிப் பக்கம் உழவர்கரை, வில்லியனூர், பாகூர், கடலூர்ப் பக்கம் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி என்று அவர் புழங்கிய எல்லா சார் பதிவகங்களையும் சேருங்கள். பட்டாவுக்குத் தமிழ்நாட்டில் இ-சேவைத் தளம், புதுச்சேரியில் நிலமகள்.

சர்வே எண் தெரியாவிட்டால் வில்லங்கம் எடுக்க முடியாது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவின்படி சார் பதிவகத்தின் 1, 2ஆம் அட்டவணைகளை (இன்டெக்ஸ்) யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 1ஆம் அட்டவணை பெயர் வாரியானது. அங்கே தகப்பனார் பெயரோடு ஒத்துப் பாருங்கள். இனிஷியல் மாறும், "என்கிற" போட்டு இன்னொரு பெயர் இருக்கும். ஒரே பெயரில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இருந்து, அவர் நிலத்தை மனுவில் போட்டுவிட்டால் மனு மொத்தமும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

தேட வேண்டிய பெயர்கள் டைரக்டர், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், சகோதரர். கம்பெனி தடுமாறத் தொடங்கியதற்குக் குறைந்தது ஐந்து வருடம் முன்பிருந்து பாருங்கள். பவர் பத்திரத்தையும் விடாதீர்கள். விற்காமலே விற்றதற்குச் சமமாக அதில் வேலை நடக்கும்.

வண்டிகளுக்கு வாகன் தளம். கடலூர்க்காரரின் வண்டி டி.என். 31 ஆகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பி.ஒய். 01 வண்டிகள் நம் ஊரில் எத்தனை ஓடுகின்றன என்று தெருவில் நின்றால் தெரியும்.

ஒவ்வொரு சொத்துக்கும் சர்வே எண், கிராமம், பத்திர எண், கைட்லைன் மதிப்பு, மேலே உள்ள அடமானம் இவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். வங்கியில் முழுசாக அடமானமான வீட்டை முடக்கி உங்களுக்கு ஒன்றும் வரப்போவதில்லை. மீதி மதிப்பு எதில் இருக்கிறதோ அதைப் பட்டியலில் மேலே வையுங்கள்.

4. பணம் போன தடத்தைத் தேதியோடு காட்டுங்கள்

சொத்து இருக்கிறது என்பது மட்டும் முடக்கக் காரணம் ஆகாது. சொத்தை நகர்த்துகிறார், அல்லது கம்பெனிப் பணம் அதற்குள் போயிருக்கிறது என்று காட்ட வேண்டும்.

லிக்விடேட்டர் பக்கம் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது டேலி (கணக்கு மென்பொருள்) பேக்கப். அச்சடித்த லெட்ஜரை நம்பாதீர்கள். டைரக்டரும் மற்ற ஊழியர்களும் ஒத்துழைக்கக் கடமைப்பட்டவர்கள் என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. கொடுக்காவிட்டால் அதற்கே கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். டேலியில் டைரக்டரின் கரண்ட் அக்கவுண்ட், "லோன்ஸ் அண்ட் அட்வான்ஸஸ்", கையில் எடுத்த ரொக்கம், தங்கை கம்பெனிகளுக்குப் போன பில் என்று நாலையும் முதலில் திறங்கள்.

நான் பார்த்த ஒரு கோப்பில் "லேண்ட் அட்வான்ஸ்" என்று ஒரு தலைப்பு. மூன்று தவணையாகப் பணம் உறவினர் ஒருவரின் நிறுவனத்துக்குப் போயிருந்தது. அதே மாதம் பாகூர் வில்லங்கத்தில் டைரக்டரின் மனைவி பெயரில் ஒரு கிரயம். கம்பெனிக்கு எந்த நிலமும் வரவில்லை. இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்துத் தேதிகளுக்கு மஞ்சள் கோடு போட்டதும், நீளமான வாதம் எதுவும் தேவைப்படவில்லை.

பின்னோக்கிப் பார்க்கும் காலமும் முக்கியம். சிலருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்துப் பணம் கட்டியது 43ஆம் பிரிவு; மதிப்பைக் குறைத்துக் கைமாற்றியது 45ஆம் பிரிவு. திவால் நடவடிக்கை தொடங்கியதிலிருந்து பின்னோக்கி, கம்பெனியோடு தொடர்புள்ளவர் என்றால் இரண்டு வருடம், மற்றவர் என்றால் ஒரு வருடம். கடன்காரரை, அதாவது கடன் கொடுத்தவரை, ஏமாற்றவே செய்தது என்றால் 49ஆம் பிரிவு. அதற்கு இப்படிக் காலவரம்பு சொல்லப்படவில்லை.

இங்கே பெரிய குழப்பம் ஒன்று. 43, 45, 49 மூன்றும் கம்பெனியின் சொத்து வெளியே போனதைப் பற்றியவை. டைரக்டர் தன் சொந்த வீட்டை மகனுக்கு எழுதி வைத்தது இவற்றில் வராது. அதற்குச் சொத்து மாற்றுச் சட்டம் 53ஆம் பிரிவில் சிவில் வழக்கு. அதையும் உங்களுக்காக மட்டும் போட முடியாது. எல்லாக் கடன்காரர்கள் சார்பிலும் போட வேண்டும்.

5. எந்தக் கதவைத் தட்டுவது

தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் சென்னை ராஜாஜி சாலையில் இருக்கிறது. லிக்விடேஷன் அங்கே நடப்பதால் 66ஆம் பிரிவு மனுவும் அங்கேதான்.

டைரக்டரின் சொந்தச் சொத்தை முடக்கலாம் என்று திவால் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. 66ஆம் பிரிவு மனுவைப் போட்டு, அதனுள் இடைக்கால மனு ஒன்றைச் சேர்த்து, 60(5), தீர்ப்பாய விதி 11 இரண்டையும் காட்டிக் கேட்பதுதான் வழக்கம். முதன்மை மனு இல்லாமல் முடக்கம் மட்டும் கேட்டால் முதல் வாய்தாவிலேயே "எதற்கு உதவியாக இந்த உத்தரவு?" என்ற கேள்வி வரும்.

கம்பெனிச் சட்டம் 221ஆம் பிரிவைக் காட்டுகிறவர்கள் நிறைய. அது விசாரணைக்கு உட்பட்ட கம்பெனியின் சொத்தைப் பற்றியது. 339, 340 பிரிவுகள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் நடக்கும் கலைப்புக்கு உரியவை. 340இல் ஐந்து வருடக் காலவரம்பும் உண்டு. 339ஆம் பிரிவை வெளியாட்கள் மேல் நீட்ட முடியாது என்று 2020இல் பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆடிட்டர், டீலர், மைத்துனர் என்று எல்லாரையும் எதிர்மனுதாரராக்கும் ஆசை வரும்போது அந்தத் தீர்ப்பைப் படியுங்கள்.

கியாரண்டி கொடுத்த டைரக்டர் என்றால் வங்கிக்குத் திவால் சட்டத்தின் 95ஆம் பிரிவு இருக்கிறது. முதலில் 14 நாள் கெடுவில் கேட்பு நோட்டீஸ், பிறகு மனு. மனு ஏற்கப்பட்டு 101ஆம் பிரிவு மொரட்டோரியம் வந்த பிறகுதான் அவர் எந்தச் சொத்தையும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற தடை வருகிறது. மனு போட்ட நாளுக்கும் ஏற்கும் நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பத்திரம் போய்விடும். அந்த இடைவெளிக்குத் தடை உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

உங்களுக்கு டைரக்டர் மேலேயே நேரடிப் பொறுப்பு இருந்தால், எடுத்துக்காட்டாகத் தனியாக எழுதிக் கொடுத்த புரோநோட்டு, சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 38 ரூல் 5இன் கீழ் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேட்கலாம். வணிக வழக்கு என்றால் முன்கூட்டிய சமரசம் கட்டாயம். அவசர இடைக்கால நிவாரணம் தேவை என்றால் மட்டுமே விலக்கு. அந்த அவசரம் உண்மையாக இருக்க வேண்டும். 66ஆம் பிரிவுக் குற்றச்சாட்டைச் சிவில் வழக்காக மாற்றிக் கொண்டுபோகாதீர்கள். திவால் சட்டத்தின் 231ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

6. மனுவை எழுதும்போது

ஆர்டர் 38 ரூல் 5 மனுவில் எந்தச் சொத்து, என்ன மதிப்பு என்று குறிப்பிட்டே ஆக வேண்டும். அந்த ரூலின் நடைமுறையைப் பின்பற்றாமல் நடந்த ஜப்தி செல்லாது என்று ரூலே சொல்கிறது. படி 3இல் செய்த பட்டியல் இங்கே அப்படியே அட்டவணையாகும்.

அடமானமில்லாத கடனை அடமானக் கடன் போல ஆக்க இந்த ரூலைப் பயன்படுத்தக் கூடாது என்று 2007இல் ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "பாக்கி பெரிய தொகை" என்பதே காரணமாக இருக்கும் மனுவை அந்த ஒரு தீர்ப்பு சாய்த்துவிடும். எந்த நாளில், எந்தச் சொத்தை, யாரிடம் பேசி, என்ன செய்தார் என்று எழுதுங்கள். புரோக்கர் விளம்பரம், வாட்ஸ்அப் படம், புதிதாகப் பதிவான பவர், மூடிய வங்கிக் கணக்கு, எது இருந்தாலும் இணையுங்கள்.

தீர்ப்பாய மனுவில் 43, 45, 66 மூன்றையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மைகளைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று 2020இல் ஜேப்பீ இன்ஃப்ராடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

கோரிக்கையில் பேராசை வேண்டாம். கோருகிற தொகை அளவுக்கு மட்டும் முடக்கம் கேளுங்கள். வீட்டுச் செலவுக்கும் வக்கீல் செலவுக்கும் மாதம் ஒரு தொகை எடுக்கலாம் என்று நீங்களே விதிவிலக்கு எழுதுங்கள். நியாயமாகக் கேட்பவருக்கு நீதிபதியின் பேனா சீக்கிரம் நகரும். பி.எஃப்., பென்ஷன் போன்றவை சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவில் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. அவற்றை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

கூடவே இரண்டு கேளுங்கள். டைரக்டர் தன் சொத்து முழுவதையும் அஃபிடவிட்டில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது ஒன்று. நீங்கள் கண்டுபிடிக்காததை அது வெளியே கொண்டுவரும், பொய் சொன்னால் அதுவே அவருக்கு எதிராக நிற்கும். சம்பந்தப்பட்ட வங்கிக் கிளைக்கும் சார் பதிவாளருக்கும் நேரடி அறிவுறுத்தல் வேண்டும் என்பது இன்னொன்று. ஏன் என்பது படி 8இல் தெரியும்.

7. கேவியட் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்

தாக்கல் செய்யும் நாளில் டைரக்டர் கேவியட் (தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு) போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சிவில் நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் அது 90 நாள் உயிரோடு இருக்கும். இருந்தால் அவருக்குத் தெரிவிக்காமல் உத்தரவு கிடைக்காது.

எதிர்த்தரப்பைக் கேட்காமல் இடைக்காலத் தடை கிடைத்தால் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஆர்டர் 39 ரூல் 3இன்படி மனுவின் நகலையும் ஆவணங்களையும் உடனே எதிராளிக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அஃபிடவிட் போட வேண்டும். இதைத் தவறவிட்டுத் தடையை இழந்த வழக்குகள் உண்டு. உங்களுக்குப் பாதகமான உண்மையையும் மறைக்காதீர்கள். அவர் ஒரு பகுதி கட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

8. உத்தரவு கையில் வந்த நாள்

உத்தரவு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் ஓட வேண்டிய நாள் அதுதான். ஆர்டரில் என்ன இருக்கிறது என்று சார் பதிவாளருக்குத் தெரியாது. அவர் மேசையில் அன்று டைரக்டரின் டோக்கன் இருக்கலாம்.

சான்றிட்ட நகல் வாங்கி, சொத்து உள்ள ஒவ்வொரு சார் பதிவகத்துக்கும் கடிதத்தோடு கொடுங்கள். கடிதத்தில் கிராமம், சர்வே எண், பத்திர எண், உத்தரவின் தேதி நான்கும் தெளிவாக இருக்கட்டும். "டைரக்டரின் அனைத்துச் சொத்துகளும்" என்று மட்டும் எழுதிய உத்தரவை எழுத்தர் எந்த சர்வே எண்ணில் ஏற்றுவார்? நகலில் முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து அதே சர்வே எண்ணுக்குப் புது வில்லங்கம் எடுங்கள். பதிவு ஏறியிருந்தால்தான் வாங்க வருபவருக்கு அது தெரியும்.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த பதிவுச் சட்டம் 22பி பிரிவு, ஜப்தியான சொத்தின் பத்திரத்தைப் பதிய மறுக்கும் அதிகாரத்தைச் சார் பதிவாளருக்குக் கொடுக்கிறது. அது தமிழ்நாட்டுத் திருத்தம். பாகூரில் அதைக் காட்டிப் பேச முடியாது. புதுச்சேரி நிலத்துக்கு நீதிமன்றத்தின் நேரடி அறிவுறுத்தல் இருப்பதே நல்லது.

கடலூர் நீதிமன்றம் ஜப்தி உத்தரவு போட்டு நிலம் புதுச்சேரியில் இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் 136ஆம் பிரிவின்படி உத்தரவு அங்குள்ள மாவட்ட நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். கடலூர் அமீனா ஆற்றைக் கடந்து போய் ஒட்ட முடியாது. இதற்கு ஆகும் நாளைக் கணக்கில் வைத்து, நிறைவேற்ற வேண்டிய இடங்களைத் தாக்கலின்போதே குறித்துக் கொடுங்கள்.

வங்கிக்குக் கொடுக்கும்போது கிளை மட்டும் போதாது. பான் எண்ணையும் எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு கணக்கு முடங்கும், அதே ஆளின் வேறு கிளைக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

வழக்கு நிலுவையில் இருப்பதே போதும், யார் வாங்கினாலும் செல்லாது என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். நிலுவை வழக்கு விதி, சொத்தின் மேல் உரிமையே வழக்கில் இருக்கும்போது பொருந்துவது. வெறும் பண வழக்கு என்றால் ஜப்திதான் காப்பாற்றும். ஜப்திக்குப் பிறகு நடந்த தனியார் விற்பனை, ஜப்தி செய்தவருக்கு எதிராகச் செல்லாது என்பது சிவில் நடைமுறைச் சட்டம் 64ஆம் பிரிவு.

9. டைரக்டர் திருப்பி அடிக்கும்போது

முதலில் வருவது "இது பூர்வீகச் சொத்து" என்பது. பாகப்பிரிவினைப் பத்திரமும் பழைய பட்டாவும் கேளுங்கள். கூட்டுக் குடும்பச் சொத்தானாலும் அவருடைய பங்கு அவருடையதுதான். அந்தப் பங்களவுக்கு முடக்கத்தைச் சுருக்க நீங்கள் தயாராக இருங்கள். அடுத்து "மனைவியின் சம்பாத்தியம்". அதற்கு அவருடைய வருமான வரிக் கணக்கு பேசட்டும்.

மூன்றாவது, தொகைக்கு ஈடாகச் செக்யூரிட்டி கொடுத்து ஜப்தியை நீக்கக் கேட்பது. ஆர்டர் 38 ரூல் 9 அதற்கு இடம் கொடுக்கிறது. வங்கி கியாரண்டி என்றால் தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். நிலத்தைவிட அது சுலபமாகப் பணமாகும். உறவினர் ஒருவரின் நிலத்தை ஈடாகக் காட்டினால் அதற்கும் வில்லங்கம் எடுத்த பிறகே பதில் சொல்லுங்கள்.

போதிய காரணமில்லாமல் ஜப்தி வாங்கினால் சிவில் நடைமுறைச் சட்டம் 95ஆம் பிரிவில் 50,000 ரூபாய் வரை நஷ்டஈடு உங்கள் தலையில் விழலாம். தொகை சிறிதாகத் தெரியலாம். அந்த உத்தரவோடு உங்கள் அடுத்த மனுவும் பலவீனமாகிவிடும்.

டைரக்டர் தானே கம்பெனிக்குக் கடன் கொடுத்ததாகக் கிளெய்ம் போடுவதையும் கவனியுங்கள். 66இல் உத்தரவு வந்தால் 67ஆம் பிரிவின் கீழ் அந்தக் கடனின் மேலேயே பொறுப்பைச் சுமத்தக் கேட்கலாம். லிக்விடேட்டர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் அந்தக் கிளெய்மைச் சரிபார்த்து ஏற்றுவிட்டு, பிறகு 66 மனு எழுத உட்காருகிறார்கள். வரிசையைத் திருப்புங்கள்.

10. பணம் வந்தால் யாருக்குப் போகும்

தீர்ப்பாயம் வழியாக டைரக்டரிடமிருந்து மீட்பது கம்பெனியின் கலைப்புச் சொத்தில் சேரும். ஆதாரம் கொடுத்தவர் என்பதற்காக உங்களுக்கு முதல் பங்கு கிடையாது. 53ஆம் பிரிவு வரிசைப்படி முதலில் நடவடிக்கைச் செலவு. பிறகு தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும், அடமானத்தை விட்டுக்கொடுத்த கடன்காரர்களும் சமமாக. அதன்பின் மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. சரக்கு கொடுத்தவர் இன்னும் கீழே.

சிவில் நீதிமன்றத்தில் உங்கள் சொந்தக் கியாரண்டி, புரோநோட்டு மேல் வாங்கிய ஜப்தி உங்கள் வழக்குக்கானது. தீர்ப்பு வந்ததும் மறுபடி ஜப்தி செய்யத் தேவையில்லை, நேராக நிறைவேற்று மனு போடலாம். ஆனால் ஜப்திக்கு முன்பே அந்தச் சொத்தில் உரிமை வைத்திருந்த அடமானக்காரர் உங்களுக்கு முன்னால் நிற்பார்.

மதிப்பைக் குறைத்து நடந்த கைமாற்றத்தை லிக்விடேட்டர் கண்டுகொள்ளாமல் விட்டால், 47ஆம் பிரிவின் கீழ் கடன்காரரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கு லிக்விடேட்டருக்கு நீங்கள் எழுதிய கடிதம், அனுப்பிய ரசீது, இணைத்த ஆதாரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். போனில் சொன்னேன் என்பதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மின்னஞ்சலோடு ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பி, டெலிவரி ஒப்புகையைக் கோப்பில் குத்தி வையுங்கள்.